நகலும் போலியும்: பழைய சுழல் துப்பாக்கிகளின் மறுபிறப்பு

ஓலைச் சுவடிகள் என்றும் நிலைத்து நிற்பவை அல்ல. செல்லும் ஈரமும் அவற்றை அரித்துவிடும். ஆகவே நம் முன்னோர், ஏடு பழுதாகும் முன்னரே அதைப் பார்த்து வேறோர் ஏட்டில் பெயர்த்தெழுதி வைத்தனர். அவ்வாறு எழுதியோர் பலர், இன்ன ஆண்டு, இன்ன திங்கள், இன்னார் எழுதியது என்று ஏட்டின் இறுதியில் குறித்தும் வைத்தனர். அந்தக் குறிப்பு இருக்கும் வரையில் படி படியாகவே மதிக்கப்படும். அதை மூலம் என்று எவரும் மயங்கமாட்டார். குறிப்பை நீக்கிவிட்டு, ஓலையைப் புகையில் காட்டிப் பழுப்பாக்கி, 'இதுவே மூலம்' என்று ஒருவர் விலை கூறினால், அன்றே அது நகல் என்னும் நிலையிலிருந்து போலி என்னும் நிலைக்கு இறங்கிவிடுகிறது.

ஏட்டுக்குப் பொருந்தும் இந்த நீதி இரும்புக்கும் பொருந்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போர்களில் பயன்பட்ட சுழல் துப்பாக்கிகளைப் பார்த்து, அவற்றைப் போன்றே செய்யப்படும் நகல்கள் 1950-களின் பிற்பகுதியிலிருந்து இத்தாலி நாட்டில் பெருமளவில் உருவாகி வருகின்றன. போர் வரலாற்றுப் பொருள்களைச் சேகரிப்போரும், பழைய போர்களை அக்காலத்து உடையணிந்து மீண்டும் நடித்துக் காட்டும் கழகத்தாரும் அவற்றை வாங்குகின்றனர். இந்நகல்களால் வரலாற்றுக்கு விளைவது நன்மையா, தீமையா? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமானால், முதலில் மூலத் துப்பாக்கியின் கதையை அறிதல் வேண்டும்.

மரத்தில் பிறந்த துப்பாக்கி

சாமுவேல் கோல்ட் 1814-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபர்ட் நகரில் பிறந்தவர். 1830-ஆம் ஆண்டில், பதினாறு வயதில், கார்வோ என்னும் பாய்க்கப்பலில் மாலுமித் தொழில் பழகுவதற்காக ஏறிக் கல்கத்தாவுக்குப் பயணமானார். அக்கப்பலில்தான் அவர் மரத்தைச் செதுக்கிச் சுழல் துப்பாக்கியின் மாதிரியொன்றைச் செய்தார் என்பர். கப்பலின் சுக்கான் சக்கரம் சுழன்று நிற்கும் முறையைக் கண்டு அவருக்கு அந்த எண்ணம் உதித்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

ஆயினும் சுழலும் உருளை கோல்ட்டுக்கு முன்பே இருந்த ஒன்று. எலைஷா கோலியர் என்னும் அமெரிக்கர் 1818-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற துப்பாக்கியிலும் அது உண்டு. ஆனால் ஒவ்வொரு முறை சுட்ட பின்னரும் அதைக் கையால் திருப்ப வேண்டியிருந்தது. குதிரையைப் பின்னுக்கு இழுத்த அளவிலேயே உருளை தானாக ஓர் அறை திரும்பி, குழலுக்கு நேரே வந்து பூட்டிக்கொள்ளுமாறு அமைத்ததே கோல்ட் செய்த புதுமையாகும். 1836-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் நாள் அமெரிக்க அரசு அதற்குக் காப்புரிமை வழங்கியது. நியூ ஜெர்சி மாநிலத்துப் பேட்டர்சன் நகரில் எழுந்த அவருடைய முதல் தொழிற்சாலை போதிய வாணிகம் இன்றி 1842-ஆம் ஆண்டில் மூடப்பட்டது.

நொடித்துப்போன அத்தொழிலுக்கு மெக்சிகோ போர் உயிர் கொடுத்தது. அப்போரில் ஈடுபட்டிருந்த கேப்டன் சாமுவேல் வாக்கர் கூறிய திருத்தங்களை ஏற்று, கோல்ட் 1847-ஆம் ஆண்டில் ஒரு பெருந்துப்பாக்கியை வடிவமைத்தார். அரசு 1,000 துப்பாக்கிகளுக்கு ஆணையிட்டது. கோல்ட்டிடமோ அப்போது தொழிற்சாலையே இல்லை. எலை விட்னியின் மகனுடைய தொழிற்சாலையில் அவை செய்யப்பட்டன. பிறருக்கு விற்பதற்கென்று மேலும் 100 செய்யப்பட்டன. ஒவ்வொன்றும் நாலரை இராத்தலுக்கு மேற்பட்ட எடை. குழலின் நீளம் 9 அங்குலம். வாக்கர் அதே ஆண்டு அக்டோபர் மாதம் மெக்சிகோவில் நடந்த சண்டையில் மாண்டார். அவர் பெயர் அத்துப்பாக்கிக்கு நிலைத்தது.

அடுத்து வந்த துப்பாக்கிகளுள் புகழ் மிக்கது 1851-ஆம் ஆண்டின் 'நேவி' என்பதாகும். இது எடையில் குறைந்தது. இதன் குழல் எட்டுப் பட்டை கொண்டது. குழலின் உள் அகலம் ஓர் அங்குலத்தில் நூற்றில் 36 பங்கு. 1843-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள் டெக்சஸ் கடற்படை மெக்சிகோ கப்பல்களோடு பொருத காட்சி உருளையைச் சுற்றிப் பொறிக்கப்பட்டிருந்தமையால், கடற்படை என்னும் பொருள்படும் 'நேவி' என்ற பெயர் வழங்கலாயிற்று. இதை மிகுதியாக ஏந்தியவர்களோ தரைப்படையினரே. 1873-ஆம் ஆண்டு வரையில் ஹார்ட்ஃபர்டில் ஏறத்தாழ 2,15,000 துப்பாக்கிகளும், சில ஆண்டுகளே நடைபெற்ற லண்டன் தொழிற்சாலையில் ஏறத்தாழ 42,000 துப்பாக்கிகளும் இவ்வகையில் உருவாயின.

நகல்களின் முதல் தலைமுறை

கோல்ட் துப்பாக்கியை நகல் செய்வது இன்று நேற்றுத் தோன்றிய தொழில் அன்று. கோல்ட் உயிரோடிருந்தபோதே பெல்ஜிய நாட்டு லியேஜ் நகரத்துக் கொல்லர்கள் அதைப் பார்த்துச் செய்து விற்றனர். அவர்களுள் சிலர் கோல்ட்டிடம் உரிமை பெற்றவர்கள். வேறு பலர் பெறாதவர்கள்.

1861-ஆம் ஆண்டில் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. கோல்ட்டின் தொழிற்சாலை வடக்கே இருந்தது. தென் மாநிலங்களுக்கு அத்துப்பாக்கிகள் கிடைப்பது நின்றுபோயிற்று. அப்போது ஜார்ஜியா மாநிலத்தில், மேக்கன் நகருக்கு அருகே கிரிஸ்வால்ட்வில் என்னும் ஊரில் பருத்தியிலிருந்து கொட்டை நீக்கும் இயந்திரங்களைச் செய்துவந்த சாமுவேல் கிரிஸ்வால்ட் என்பவர், கன்னிசன் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து 'நேவி' துப்பாக்கியைப் பார்த்து வேறொன்று செய்யத் தொடங்கினார். கோல்ட் பிறந்த கனெக்டிகட் மாநிலத்திலிருந்து தெற்கே குடியேறியவர் இவர் என்பது நினைவுகூரத்தக்கது.

தெற்கில் நல்ல எஃகு கிடைப்பது அரிதாயிருந்தமையால் துப்பாக்கியின் சட்டத்தைப் பித்தளையில் வார்த்தனர். உருளையை முறுக்கிய இரும்பில் கடைந்தனர். 1862 முதல் 1864 வரை ஏறத்தாழ 3,700 துப்பாக்கிகள் அங்கு உருவாயின. 1864-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், ஜெனரல் ஷெர்மனின் படை கடற்கரை நோக்கிச் சென்றபோது வடவரின் குதிரைப்படை அந்தத் தொழிற்சாலையை எரித்து அழித்தது.

அத்தொழிற்சாலையில் உழைத்தவர்களுள் பெரும்பாலோர் அடிமைகள். தம்மை அடிமைகளாகவே வைத்திருப்பதற்காகப் போரிட்ட அரசின் படைக்கலங்களைத் தம் கையாலேயே செய்யும்படி அவர்கள் நிறுத்தப்பட்டனர். அவர்கள் செய்த துப்பாக்கிகளில் மிகச் சிலவே இன்று எஞ்சியுள்ளன. எஞ்சிய எதிலும் அவர்கள் பெயர் இல்லை.

இத்தாலியப் பள்ளத்தாக்கு

மருந்தும் குண்டும் ஒன்றாய் அடங்கிய உலோகத் தோட்டா பரவியபின், அறைதோறும் மருந்து கொட்டி நிரப்பும் துப்பாக்கிகள் வழக்கொழிந்தன. கோல்ட் நிறுவனமும் 1873-ஆம் ஆண்டில் தோட்டாத் துப்பாக்கிக்கு மாறியது. பழையவை பரணுக்கும் பெட்டிக்கும் சென்றன. எழுபது எண்பது ஆண்டுகளுக்குப் பின் அவற்றை மீண்டும் வெளியே எடுத்தவர்கள் சேகரிப்போரே.

1950-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வடக்கு–தெற்குப் போட்டிக் கழகம் உருவாயிற்று. உள்நாட்டுப் போர்க்காலத்து உடையணிந்து, அக்காலத்துத் துப்பாக்கிகளால் குறி பார்த்துச் சுடும் போட்டிகளை அது நடத்தியது. நூறாண்டுப் பழமையுடைய துப்பாக்கியில் ஒவ்வொரு வெடியும் ஒரு தேய்மானம். கருமருந்தின் கரி ஈரத்தை ஈர்த்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். திருகு உடைந்தால் மாற்றுத் திருகு கிடையாது. பழமையின்மீது கொண்ட பற்றே பழம்பொருளை அழிக்கும் நிலை அங்கே தோன்றியது.

அந்நிலையை வணிகக் கண்ணோடு கண்டவர் நியூ ஜெர்சியைச் சேர்ந்த வால் ஃபார்ஜெட். 'நேவி' துப்பாக்கியை நகலெடுத்துச் செய்யத்தக்க கம்மியரைத் தேடி அவர் இத்தாலிக்குச் சென்றார். அவர் சென்றடைந்த இடம் பிரேஷா நகருக்கு வடக்கேயுள்ள வால் திரோம்பியா பள்ளத்தாக்கு. இரும்புத் தாது, விறகு, மெல்லா ஆற்றின் நீர்விசை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தமையால் அப்பள்ளத்தாக்கு பல நூற்றாண்டுகளாகவே துப்பாக்கித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள கார்தோனே என்னும் ஊரைச் சேர்ந்த பெரெட்டா குடும்பத்து முன்னோர் ஒருவர் 1526-ஆம் ஆண்டில் வெனிஸ் அரசுக்கு 185 துப்பாக்கிக் குழல்களை விற்றதற்கான ஆவணம் இன்றும் உள்ளது.

கிரெகொரெல்லி, ஆல்டோ உபெர்த்தி ஆகியோர் ஃபார்ஜெட்டின் வேண்டுகோளை ஏற்று நகல்களைச் செய்தனர். உபெர்த்தியின் நிறுவனம் 1959-ஆம் ஆண்டில் தொடங்கியது. முதல் நகல் 'நேவி' துப்பாக்கியே ஆதலால் ஃபார்ஜெட்டின் நிறுவனமும் 'நேவி ஆர்ம்ஸ்' என்றே பெயர் பெற்றது. பின்னர் பியெட்டா முதலிய வேறு நிறுவனங்களும் பிரேஷா வட்டாரத்தில் இத்தொழிலில் இறங்கின.

காலமும் அவர்களுக்குக் கைகொடுத்தது. 1961 முதல் 1965 வரை உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு கொண்டாடப்பட்டது. 1961-ஆம் ஆண்டு ஜூலை மாதம் வர்ஜீனியாவின் மனாசஸ் களத்தில், அப்போரின் முதற்பெருஞ்சண்டை அதே நூறாண்டு நிறைவு நாளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரால் நடித்துக் காட்டப்பட்டது. பல்லாயிரவர் திரண்டு கண்டனர். எண்ணற்றோர் மடிந்த மண்ணில் விளையாட்டாகப் போர் நடத்துவது தகுமா என்ற கண்டனமும் எழுந்தது. அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை தன் பொறுப்பிலுள்ள போர்க்களங்களில் இத்தகைய எதிரணிச் சண்டை நடிப்புகளைப் பின்னர் விலக்கிவிட்டது.

நகல் கற்பிக்கும் பாடம்

நகலால் விளைந்த முதல் நன்மை வெளிப்படையானது. மூலத் துப்பாக்கிகள் கண்ணாடிப் பேழைக்குள் ஓய்வு பெற்றன. தேய்மானத்தை நகல்கள் ஏற்றுக்கொண்டன. இரண்டாவது நன்மை நுட்பமானது. ஏட்டைப் படித்து அறிய முடியாத சிலவற்றை நகலைக் கையாள்வதால் அறிய முடிகிறது.

வாக்கர் துப்பாக்கியைக் காண்க. குழலின் அடியில், குண்டை இடித்து இறுக்கும் நெம்புகோல் ஒன்று உண்டு. சுடும்போது ஏற்படும் உதைப்பில் அது பிடி நழுவிக் கீழே தொங்கிவிடும். தொங்கினால் உருளை சுழலாமல் தடைப்படும். மூலத்தை அவ்வாறே பின்பற்றிய நகலிலும் இக்குறை உண்டு. அதைச் சுட்டுப் பார்ப்பவர் நெம்புகோலைத் தோல்வாரால் குழலோடு கட்டிக்கொள்கிறார். 1848-ஆம் ஆண்டுக்குப் பின் வந்த துப்பாக்கிகளில் நெம்புகோலின் நுனிக்குத் தனிப் பூட்டு ஏன் வந்தது என்பது அப்போது விளங்குகிறது.

இவ்வாறே, வெடித்த செப்புத் தொப்பியின் துண்டு குதிரைக்கு அடியில் விழுந்து பொறியை அடைத்துக்கொள்வதும், ஆறு முறை சுட்டபின் ஆறு அறைகளையும் மீண்டும் நிரப்பச் சில நிமிடங்கள் பிடிப்பதும், புகைமூட்டத்தில் எதிரி மறைந்துபோவதும் கையாண்டு அறியும் செய்திகள். குதிரைப்படை வீரர் சிலர் இரண்டு, மூன்று, நான்கு துப்பாக்கிகளைச் சுமந்து திரிந்தமைக்குக் காரணம் ஆடம்பரம் அன்று; சண்டைக்கு நடுவே நிரப்ப நேரமில்லாமையே என்பது இவற்றால் தெளிவாகிறது.

நகல் கூறும் பொய்கள்

நகல் கற்பிக்கும் இடத்திலேயே மயக்கவும் செய்கிறது. 'நேவி' துப்பாக்கியின் உள் அகலம் நூற்றில் 36 பங்கு என்று மேலே கண்டோம். ஆனால் நூற்றில் 44 பங்கு அகலமும், எட்டுப் பட்டைக் குழலும், பளபளக்கும் பித்தளைச் சட்டமும் கொண்ட 'நேவி' நகல்கள் மலிவு விலையில் ஏராளமாக விற்றன. கோல்ட் அத்தகைய துப்பாக்கியைச் செய்ததில்லை. கிரிஸ்வால்ட் செய்ததும் அதுவன்று. பொருத்தமில்லாத உறுப்புகளை ஒட்டவைத்த இந்தக் கலவையையே உண்மை என்று எண்ணி வளர்ந்தவர் பலர்.

திரைப்படம் இம்மயக்கத்தை உலகெங்கும் கொண்டு சென்றது. இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனே 1966-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'நல்லவன், கெட்டவன், அருவருப்பானவன்' என்ற படத்தின் கதை உள்நாட்டுப் போர்க்காலத்தில் நடப்பது. கதைத்தலைவனின் கையிலோ தோட்டா போடுவதற்கேற்ப மாற்றப்பட்ட 'நேவி' துப்பாக்கி காணப்படுகிறது. அத்தகைய மாற்றம் போர் முடிந்து சில ஆண்டுகளுக்குப் பின்னரே வந்தது.

போரை நடித்துக் காட்டுவோரிடமும் இதுபோன்ற பிழை நேர்வதுண்டு. காலாட்படைச் சிப்பாயாக வேடம் பூண்டவர் இடுப்பில் சுழல் துப்பாக்கியோடு நிற்பார். போர்த் தொடக்கத்தில் தொண்டராய்ச் சேர்ந்த இளைஞர் பலர் அவ்வாறு கொண்டு வந்தது உண்மையே. ஆனால் நெடுநடையில் அது வீண் சுமை என்று கண்டு விரைவிலேயே அதைக் கைவிட்டனர். சுழல் துப்பாக்கி பெரிதும் குதிரைப்படையினருக்கும் அதிகாரிகளுக்கும் உரியதாயிருந்தது.

இவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. நூற்றாண்டு விழாவின் தேசிய ஆணைக்குழு 1961-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் கூடியபோது, நியூ ஜெர்சியின் பிரதிநிதியாகிய மேடலின் வில்லியம்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணிக்கு அங்குள்ள விடுதியில் இடம் மறுக்கப்பட்டது. ஜனாதிபதி கென்னடி தலையிட்ட பிறகே கூட்டம் கடற்படைத் தளத்துக்கு மாற்றப்பட்டது. அடிமைத்தனத்தை ஒழித்த போரின் நினைவு விழாவில் நிகழ்ந்தது இது. கிரிஸ்வால்ட் துப்பாக்கியின் பித்தளைச் சட்டத்தை நகலெடுத்துவிடலாம். அதை வார்த்த அடிமையின் நிலையை எந்த அச்சிலும் வார்க்க முடியாது. அது எழுத்தாலும் ஆசிரியராலும் சொல்லப்பட வேண்டியது. சொல்லாமல் துப்பாக்கியை மட்டும் கையில் கொடுத்தால், போரின் ஓசை கேட்கும், காரணம் கேளாது.

முத்திரையே சான்று

இனிப் போலிக்கு வருவோம். 1,100 வாக்கர் துப்பாக்கிகளில் இன்று எஞ்சியுள்ளவை சிறு பகுதியே. 2018-ஆம் ஆண்டில் அவற்றுள் ஒன்று அமெரிக்காவில் 18 லட்சத்து 40 ஆயிரம் அமெரிக்க வெள்ளிக்கு ஏலம் போயிற்று. நகல் வாக்கரின் விலை சில நூறு வெள்ளியே. இவ்விரண்டு விலைகளுக்கும் இடையேயுள்ள தூரம்தான் போலி செய்பவனை அழைக்கிறது. நகலிலுள்ள குறிகளைத் தேய்த்து அழித்து, செயற்கையாகத் துருவேற்றி, மூலம் என்று விற்றவர்கள் உண்டு. போலியால் பொருளை இழப்பவர் வாங்கியவர் மட்டுமே. ஆனால் அது ஓர் அருங்காட்சியகத்திலோ நூலிலோ இடம் பெற்றுவிட்டால், அதை நம்பிப் படிக்கும் அனைவரும் ஏமாறுகின்றனர்.

இதற்குக் காப்பாக இருப்பது இத்தாலியச் சட்டம் இடும் முத்திரை. அங்கே செய்யப்படும் ஒவ்வொரு துப்பாக்கியும் அரசின் சோதனைக் கூடத்துக்குச் செல்ல வேண்டும். மிகுதியான மருந்திட்டு வெடித்துப் பார்த்து, வலிமை உறுதியானபின் முத்திரை குத்தப்படும். கருமருந்துக்கே உரியது என்பதைக் காட்டும் எழுத்துகளும், சோதனை செய்த ஆண்டைக் காட்டும் குறியும் உடன் பொறிக்கப்படும். ஆண்டுக் குறி முதலில் ரோமானிய எண்களில் இருந்தது; 1975-ஆம் ஆண்டிலிருந்து இரட்டை எழுத்துகளாயிற்று. மேலும் நகல்களின் திருகு மறைகள் மெட்ரிக் அளவில் அமைந்தவை. மூலத்தில் அவ்வாறு இல்லை. முத்திரையைத் தேய்த்தவன் திருகை மறந்துவிடுவதுண்டு.

1971-ஆம் ஆண்டில் கோல்ட் நிறுவனமே 'நேவி' துப்பாக்கியை மீண்டும் வெளியிட்டது. அவற்றின் பாகங்கள் இத்தாலியிலிருந்து முரட்டு வடிவில் வந்து அமெரிக்காவில் சீர்செய்யப்பட்டவை. மூலம் செய்த நிறுவனம், நகல் செய்தோரின் வார்ப்பை வாங்கித் தன் பெயர் பொறித்து விற்றது! அது மூலமா, நகலா என்று சேகரிப்போர் இன்றும் வாதிடுவர். அதன் ஆண்டு வெளிப்படையாகத் தெரிந்திருப்பதால், வாதம் எவ்வளவு நீண்டாலும் வரலாற்றுக்குக் கேடில்லை.

சட்டங்களும் இந்த வேறுபாட்டோடு போராடி வந்துள்ளன. அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுச் சட்டம், 1898-ஆம் ஆண்டு வரை செய்யப்பட்ட துப்பாக்கிகளையும், இக்காலத் தோட்டாவை ஏற்காத அவற்றின் நகல்களையும் பழம்பொருள் என்றே வகுத்தது. ஜப்பான் 1971-ஆம் ஆண்டில், உலோகத்தாலான மாதிரிக் கைத்துப்பாக்கிகளின் குழலை அடைத்து, வெள்ளை அல்லது மஞ்சள் நிறம் பூச வேண்டும் என்று விதித்தது. பிரிட்டனின் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் மெய்போலத் தோன்றும் மாதிரிகளின் விற்பனையைத் தடுத்தபோது, 1870-ஆம் ஆண்டுக்கு முற்பட்ட வடிவங்களையும், வரலாற்று நடிப்புக் கழகங்களின் தேவையையும் விலக்கி வைத்தது. மலேசியாவில் 1971-ஆம் ஆண்டின் சட்டம், துப்பாக்கி போலத் தோன்றும் பொருளைக் காட்டி அச்சுறுத்துவதையும் தண்டனைக்குரியதாக்கியது. அச்சத்தால் நடுங்குபவனுக்கு எதிரே இருப்பது மூலமா நகலா என்பது தெரியாதன்றோ?

இவையனைத்தையும் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். ஒரு பொருள் பழையதைப் போல் இருப்பது குற்றமன்று. தான் எப்போது, எங்கே, யாரால் செய்யப்பட்டது என்பதை மறைப்பதே குற்றம். ஆண்டுக் குறியைத் தாங்கி நிற்கும் இத்தாலிய நகல், இறுதியில் எழுதியவர் குறிப்பைத் தாங்கி நிற்கும் ஏட்டைப் போன்றது. அதை நம்பிப் பாடம் கேட்கலாம். ஆனால் ஏடானாலும் இரும்பானாலும், அதை இளைஞர் கையில் கொடுப்பவர் இரண்டைச் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர். இது நகல் என்பது ஒன்று. இதன் மூலம் யாருடைய கையால், யாருக்கு எதிராகச் செய்யப்பட்டது என்பது மற்றொன்று. முன்னதை முத்திரை சொல்லிவிடும். பின்னதை மனிதர்தாம் சொல்ல வேண்டும்.